வேலை செய்து படித்தவர் என்னும் பட்டம்: ஜேர்மனியில் தமிழ் மாணவர் இழக்கும் பருவங்கள்

புலம்பெயர் தமிழரின் விழா மேடைகளில் ஒரு பட்டதாரியை அறிமுகம் செய்யும்போது தவறாமல் ஒலிக்கும் புகழுரை ஒன்று உண்டு. பகலில் பல்கலைக்கழகம், இரவில் வேலை, தன் உழைப்பிலேயே படித்து முடித்தவர் என்பதே அது. அவையோர் கைதட்டுவர், பெற்றோர் கண்கலங்குவர். மூன்று ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய இளமாணிப் படிப்பு ஏன் ஐந்து ஆண்டுகளாக நீண்டது என்று அந்த மேடையில் எவரும் கேட்பதில்லை. அதே வேலையாலும் அதே இரவுகளாலும் படிப்பை இடைநடுவில் கைவிட்டவரை எந்த மேடையும் அழைப்பதில்லை.

முழுநேரப் படிப்பையும் கூலி வேலையையும் ஒருங்கே சுமப்பது தமிழ்ச் சமூகத்தில் ஒழுக்கத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படுகின்றது. உண்மையில் அது ஒரு கட்டணம். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கேட்பதில்லை என்று பெருமையாகச் சொல்லப்படுகின்றது. வாடகையையும் உணவையும் பணமாகச் செலுத்த வழியில்லாத வீட்டுப் பிள்ளை, அந்தக் கட்டணத்தைக் காலமாகச் செலுத்துகின்றது. செமஸ்ரர் எனப்படும் அரையாண்டுப் பருவங்களே அங்கே நாணயம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆறு பருவங்களில் கிடைக்கும் பட்டத்துக்கு வசதியற்ற வீட்டுப் பிள்ளை ஒன்பது, பத்துப் பருவங்களைக் கொடுக்கின்றது. இதனைப் பெருமை என்று அழைப்பதால் இலாபம் அடைபவர் எவர் என்று ஆராய வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் மணிக்கணக்கைப் பார்க்கலாம். 1999ஆம் ஆண்டின் பொலோனியா உடன்படிக்கைக்குப் பின்னர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பைப் புள்ளிகளால் அளக்கின்றன. ஓராண்டுக்கு 60 புள்ளிகள். ஜேர்மனியில் ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணிநேர உழைப்பு. அதாவது முழுநேர மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணிநேரம் படிப்புக்குச் செலவிட வேண்டும் என்று பல்கலைக்கழகமே கணக்கிட்டு வைத்திருக்கின்றது. ஒரு முழுநேரத் தொழிலாளியின் ஆண்டு உழைப்புக்கு இது ஏறத்தாழச் சமமானது. இதன் மேல், மாணவர் நிலையை இழக்காமல் வாரத்துக்கு 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம் என்று சமூகக் காப்புறுதி விதி கூறுகின்றது. இரண்டையும் கூட்டினால் வாரம் அறுபது மணிநேரம் ஆகின்றது. ஜேர்மனிய வேலைநேரச் சட்டம் ஒரு தொழிலாளிக்குச் சராசரியாக வாரம் 48 மணிநேரத்தையே உச்சவரம்பாக வைத்துள்ளது. ஆனால் நூலகத்தில் செலவான மணிகள் எந்தச் சட்டத்திலும் உழைப்பாக எண்ணப்படுவதில்லை.

இன்னும் ஒரு விநோதம் உண்டு. வேலை இரவிலோ வார இறுதியிலோ நடைபெறுமாயின், ஆண்டில் 26 வாரங்கள் வரை அந்த 20 மணிநேர வரம்பைத் தாண்டினாலும் காப்புறுதி விதி மாணவரை மாணவராகவே கருதுகின்றது. இரவு வேலை விரிவுரையுடன் மோதாது என்பது அதன் தர்க்கம். மறுநாள் காலை எட்டு மணி விரிவுரையில் அந்த மாணவர் எந்த நிலையில் அமர்ந்திருப்பார் என்பது விதியை எழுதியவரின் கவலையாக இருந்திருக்க முடியாது.

ஈழத்தமிழரைப் பொறுத்தவரை இந்தக் கதை இன்றைய மாணவருடன் தொடங்கவில்லை. 1983இன் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை கடந்து மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கோரிய தலைமுறையின் முன்னால் முதலில் வைக்கப்பட்டது வேலைத்தடையே. 1980களின் தொடக்கத்தில் ஓராண்டாகவும் பின்னர் இரண்டாண்டாகவும் இருந்த அந்தத் தடை 1987இல் ஐந்து ஆண்டுகளாக நீட்டப்பட்டது. 1991இல்தான் அது நீக்கப்பட்டது. 1997 மே மாதத்துக்குப் பின்னர் வந்த தஞ்சக் கோரிக்கையாளருக்கு மீண்டும் ஒரு தடை விதிக்கப்பட்டு, 2001இன் தொடக்கத்தில் ஓராண்டுக் காத்திருப்பாக மாற்றப்பட்டது. தடை நீங்கிய பின்னரும், அந்த வேலைக்கு ஜேர்மனியர் எவரும் இல்லை என்று உறுதியான பிறகே அகதிக்கு அனுமதி என்னும் முன்னுரிமைச் சோதனை காத்திருந்தது. அந்தத் தலைமுறையினர் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியதும் அலுவலகங்களைத் துப்புரவு செய்ததும் விருப்பத்தால் அல்ல; திறந்திருந்த கதவுகள் அவை மட்டுமே.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தபோது நடந்ததை இன்றைய இளையோருள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மாணவருக்கான அரச உதவிச் சட்டம், சுருக்கமாகப் பாஃபோக், 1971இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளுக்கும் வேறு சில பிரிவினருக்கும் அப்பாற்பட்ட வெளிநாட்டவரின் பிள்ளைக்கு இந்த உதவி கிடைப்பதற்கு 2008 வரை ஒரு நிபந்தனை இருந்தது. மாணவர் ஐந்து ஆண்டுகள் ஜேர்மனியில் தாமே உழைத்திருக்க வேண்டும்; அல்லது படிப்புக்கு முந்திய ஆறு ஆண்டுகளில் மொத்தம் மூன்று ஆண்டுகளாவது தாயோ தந்தையோ ஜேர்மனியில் சட்டபூர்வமாக வேலை செய்திருக்க வேண்டும். ஒரு கையால் வேலைத்தடையையும் முன்னுரிமைச் சோதனையையும் எழுதிய அரசு, மறு கையால் "உன் தந்தை ஏன் போதிய காலம் வேலை செய்யவில்லை?" என்று பிள்ளையிடம் கேட்டது. டுல்டுங் எனப்படும் தற்காலிகத் தங்கல் அனுமதியுடன் வளர்ந்த பிள்ளைகளுக்கு 2009 சனவரி முதலே, அதுவும் நான்கு ஆண்டு வதிவிடத்துக்குப் பின்னரே, இந்த நிபந்தனையின்றி உதவி திறந்துவிடப்பட்டது. 2016இல்தான் அந்தக் காத்திருப்பு 15 மாதங்களாகக் குறைந்தது.

இடைப்பட்ட காலத்தில் உதவியின்றிப் படித்தவர்கள் உண்டு. உதவியின்மையால் படிக்காமல் விட்டவர்களும் உண்டு. முதலாமவரை எடுத்துக்காட்டாக நிறுத்தி, "அவர்கள் எந்த உதவியும் இன்றிப் படிக்கவில்லையா?" என்று இன்றைய பிள்ளையை மடக்குவது தமிழ் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அநீதி ஒன்றைத் தாங்கி மீண்டவரைக் காட்டி அந்த அநீதியை நியாயப்படுத்தும் வாதம் அது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டபோது, பிள்ளைகளின் புள்ளிகள் பறிக்கப்படுகின்றன என்று கொதித்தெழுந்த மக்கள் இவர்கள். அனுமதி கிடைத்த பின்னர் பருவம் பருவமாகப் பறிபோவதை அதே மக்கள் பெருமையுடன் பார்த்துக்கொண்டிருப்பது வியப்புக்குரியது.

இன்றைய பாஃபோக்கின் நிலை என்ன? சட்டம் தொடங்கிய ஆண்டுகளில் மாணவருள் ஐந்தில் இருவருக்கு மேல் அதனைப் பெற்றனர். இப்போது எந்த ஒரு மாதத்தையும் எடுத்துக்கொண்டால் எட்டில் ஒருவர் அளவிலேயே பெறுகின்றனர். 2024 இலையுதிர் காலத்தில் அதன் உச்சத் தொகை மாதத்துக்கு 992 யூரோவாக உயர்த்தப்பட்டது. அதில் வாடகைக்கென ஒதுக்கப்பட்டது 380 யூரோ. அந்தப் பருவத்தில் பகிர்வு வீடொன்றில் ஓர் அறைக்கு நாடளாவிய சராசரி வாடகை 489 யூரோ. மூன்சன் நகரில் 790 யூரோ. 2025ஆம் ஆண்டின் ஆகக்குறைந்த ஊதியமான மணிக்கு 12.82 யூரோவைக் கொண்டு கணக்கிட்டால், மூன்சனில் அறை எடுத்த மாணவர் அந்த வாடகை இடைவெளியை மட்டும் நிரப்ப மாதத்துக்கு 32 மணிநேரம் வேலை செய்ய வேண்டும். ஆனால் 2025இல் மாதம் 556 யூரோவாக இருந்த சிறுவேலை வரம்பைத் தாண்டிச் சம்பாதித்தால் உதவித்தொகையிலிருந்து கழிக்கப்படும். பெற்றோருடன் வசிக்கும் மாணவருக்கு வாடகைப் பங்காக வழங்கப்படுவது வெறும் 59 யூரோ. பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் தமிழ்க் குடும்பங்களைத் தொடுவது பெரும்பாலும் இந்த 59 யூரோதான்.

தொகையைவிடக் கொடியது அதன் பொறிமுறை. பாஃபோக் முழுநேரப் படிப்புக்கு மட்டுமே வழங்கப்படும். வேலைச் சுமையால் பகுதிநேரப் படிப்புக்கு மாறினால் உதவி நின்றுவிடும். நான்கு பருவங்கள் முடிந்தபின் உரிய புள்ளிகளைப் பெற்றதற்கான சான்று காட்ட வேண்டும். விதிக்கப்பட்ட படிப்புக் காலம் முடிந்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, உதவியும் முடிந்துவிடும். போதாத உதவியை ஈடுசெய்ய மாணவர் வேலைக்குப் போகின்றார்; வேலையால் ஒரு தேர்வு பின்தள்ளப்படுகின்றது; பின்தள்ளப்பட்ட தேர்வால் படிப்பு விதித்த காலத்தைத் தாண்டுகின்றது; ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய மிகக் கடினமான இறுதிப் பருவத்தில் உதவி நிற்கின்றது; அப்போது அவர் இன்னும் அதிக மணிநேரம் வேலைக்குப் போகின்றார். சோம்பல் எங்கும் குறுக்கிடாமலேயே ஒரு படிப்பு இவ்வாறு சரிந்துவிட முடியும்.

நீதிமன்றம் காப்பாற்றும் என்று நம்பியிருந்தோருக்கும் விடை கிடைத்துவிட்டது. 2024 செப்டெம்பரில் எடுக்கப்பட்டு ஒக்டோபர் இறுதியில் வெளியிடப்பட்ட தீர்மானத்தில், வசதியற்ற ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கென அரசிடம் உதவி கோரும் உரிமை அடிப்படைச் சட்டத்திலிருந்து நேரடியாகப் பிறக்கவில்லை என்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டின் கோடையில் பேர்லின் நிர்வாக நீதிமன்றம் உதவித்தொகை அரசியலமைப்புக்கு முரணாகக் குறைவானது என்று கருதி அந்த மேல் நீதிமன்றத்துக்கே விடயத்தை அனுப்பியிருந்தது குறிப்பிடத்தக்கது. கையில் பணமில்லாதவர் படிக்காமலேயே ஒரு தொழிலைத் தேடிக்கொள்ளலாம் என்பதே மேல் நீதிமன்றத்தின் சிந்தனைப் போக்கு. சட்டரீதியில் அது எவ்வளவு நுணுக்கமானதாக இருப்பினும், துப்புரவுத் தொழிலாளியின் மகளுக்கு அது சொல்லும் செய்தி மிக எளிமையானது.

இனித் தமிழகத்திலிருந்து வரும் மாணவரின் நிலை. இவர்கள் வேறொரு வாசலால் நுழைகின்றனர். 2023/24 குளிர்காலப் பருவத்தில் ஜேர்மனியில் ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர் பதிவு செய்திருந்தனர். சீன மாணவரையும் விஞ்சி வெளிநாட்டு மாணவருள் மிகப் பெரிய பிரிவாக அவர்கள் ஆயினர். பாஃபோக் இவர்களுக்கு இல்லை. விசாவுக்கு முன்னரே முடக்கப்பட்ட வங்கிக் கணக்கொன்றில் ஓராண்டுக்கான பணத்தை வைப்பிலிட வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. மாதத்துக்கு 992 யூரோ வீதம் அது விடுவிக்கப்படும். அந்தப் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதைத் தமிழ்நாட்டின் எந்தக் கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் வரிசையும் சொல்லும். நகை அடகில், நிலப்பத்திரம் கல்விக்கடனுக்குப் பிணையில். கடனை அடைக்கும் கடமை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தோளில்.

மூன்சனில் 790 யூரோ அறை வாடகையும் ஏறத்தாழ 140 யூரோ மாணவர் மருத்துவக் காப்புறுதியும் போனால் 992 யூரோவில் உணவுக்கும் போக்குவரத்துக்கும் எஞ்சுவது அறுபது யூரோ. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவரிடம் பருவத்துக்கு 1500 யூரோ கட்டணம் அறவிடுகின்றது. மூன்சன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024/25 முதல் இத்தகைய புதிய மாணவரிடம் பருவத்துக்கு 2000 முதல் 6000 யூரோ வரை கேட்கின்றது. ஆகவே வேலைக்குப் போவது இவர்களுக்குத் தெரிவே அல்ல.

அந்த வேலைக்கும் அளவுண்டு. 2012 வரை ஆண்டுக்கு 90 முழுநாட்கள், பின்னர் 120, 2024 மார்ச் முதல் 140 முழுநாட்கள் அல்லது 280 அரைநாட்கள். விரிவுரைக் காலத்தில் வாரம் 20 மணிநேரத்துக்கு மேற்படாத வேலையை வாரத்துக்கு இரண்டரை நாளாகக் கணக்கிடும் வசதியும் இப்போது உண்டு. பல்கலைக்கழகத்திலேயே ஆய்வு உதவியாளராகச் செய்யும் வேலை இந்த நாட்கணக்கில் சேராது. இது பலருக்குத் தெரியாத, பயன்படுத்த வேண்டிய விதி. சுயதொழில் செய்வதற்கு மாணவர் வதிவிட அனுமதி மட்டும் போதாது. தனி அனுமதி வேண்டும்.

இங்கேதான் ஆபத்து வருகின்றது. பேர்லின் தெருக்களில் உணவுப் பொதியைச் சுமந்து மிதிவண்டியில் விரையும் இந்திய மாணவர் இன்று அந்நகரின் வழக்கமான காட்சி. அவருள் பலரை அமர்த்துவது செயலியில் பெயர் தெரியும் நிறுவனம் அல்ல. இடையில் நிற்கும் துணை ஒப்பந்தக்காரர். எழுத்துமூல ஒப்பந்தம் இல்லை, ஊதியச் சீட்டு இல்லை. ஒரு பகுதி கையில் பணமாக, மறு பகுதி "அடுத்த மாதம்". சிலர் தம்மை அறியாமலேயே சுயதொழிலாளராகப் பதியப்படுகின்றனர். 2021 நவம்பரில் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம், பொதி விநியோகிப்போருக்கு மிதிவண்டியையும் கைபேசியையும் முதலாளியே வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கொரில்லாஸ் நிறுவனத்தின் விநியோகத் தொழிலாளர் பேர்லினில் தொடர் வேலைநிறுத்தங்களில் இறங்கினர். பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்நிறுவனம் பின்னர் வேறொன்றால் வாங்கப்பட்டு, வாங்கிய நிறுவனமும் 2024இல் ஜேர்மனியை விட்டு வெளியேறிவிட்டது. நிறுவனங்கள் போய்விடுகின்றன, நாட்கணக்கை மீறியதற்கான பதிவு மட்டும் மாணவரின் கோப்பில் தங்கிவிடுகின்றது. வதிவிட அனுமதியை நீட்டிக்க வெளிநாட்டவர் பணியகத்தின் மேசை முன் அமரும்போது அந்தக் கோப்புத்தான் பேசும். படிப்பில் ஒழுங்கான முன்னேற்றம் இருக்கின்றதா என்றும் அங்கே கேட்கப்படும். வேலையால் தவறவிட்ட தேர்வுகள் அங்கே மன்னிக்கப்படும் என்பதற்கு உறுதி கிடையாது.

கசப்பான உண்மை ஒன்றையும் இங்கே மறைப்பதற்கில்லை. இவ்வாறு கையில் பணம் கொடுத்து மாணவரை வேலைக்கு வைப்போருள் தமிழரும் உள்ளனர். "தம்பிக்கு உதவிதானே செய்கிறோம்" என்பது அவர்களின் விளக்கம். ஆகக்குறைந்த ஊதியத்துக்குக் கீழே, காப்புறுதி இன்றி, தேர்வு வாரத்திலும் விடுப்பின்றி நடைபெறும் அந்த உதவியில் விபத்து ஒன்று நேர்ந்தால் "தம்பி" யாரோ ஒருவராகிவிடுவார். ஒரு மொழியைப் பேசுவதால் மட்டும் சுரண்டல் உறவாகிவிடாது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஜேர்மனிய மாணவரும் வேலை செய்கின்றனரே என்பர். உண்மை. 2021ஆம் ஆண்டின் மாணவர் சமூகநிலை ஆய்வின்படி ஜேர்மனியில் மாணவருள் 63 வீதமானோர் படிப்புடன் வேலையும் செய்தனர். வேலை மனிதரை முதிர்ச்சியடையச் செய்கின்றது என்பதும் முற்றிலும் பொய்யல்ல. ஸ்ருட்காட்டின் வாகனத் தொழிற்சாலை ஒன்றில் தன் துறையிலேயே மாணவத் தொழிலாளராக வாரம் பன்னிரண்டு மணிநேரம் பணிபுரிபவர் பட்டத்துடன் வேலையையும் சேர்த்தே பெறுகின்றார். பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருப்பவர் பாடத்தையே மீண்டும் படிக்கின்றார். பேர்லினில் இத்தகைய உதவியாளர் 1986இல் வேலைநிறுத்தம் செய்து தனிக் கூட்டு ஒப்பந்தத்தையே பெற்றனர். 2018இல் மீண்டும் போராடி அதனைப் புதுப்பித்தனர். இந்த வேலைகளையும் நள்ளிரவுச் சமையலறையையும் ஒரே சொல்லால் அழைப்பதிலேதான் பிழை இருக்கின்றது. நல்ல வேலைக்கு விண்ணப்பிக்க நேரம் வேண்டும், அறிமுகம் வேண்டும், முதல் இரு பருவங்களில் நல்ல புள்ளிகள் வேண்டும். முதல் மாதத்திலேயே வாடகைக்காக ஓடத் தொடங்கியவருக்கு இம்மூன்றும் வாய்ப்பதில்லை. மேலும், கட்டாயப் பயிற்சிக் காலத்துக்கு ஆகக்குறைந்த ஊதியச் சட்டம் பொருந்தாது. பெற்றோரின் பணத்தில் வாழ்பவர் ஊதியமற்ற சிறந்த பயிற்சியைத் தெரிவு செய்யலாம். மற்றவர் ஊதியம் தரும் எந்த இடத்துக்கும் போவார்.

வேலையை நம்பி அமைத்த படிப்பு எவ்வளவு நொய்மையானது என்பதை 2020 காட்டிற்று. பெருந்தொற்றால் உணவகங்கள் ஒரே வாரத்தில் மூடப்பட்டன. மாணவரின் வேலைகளும் அத்துடன் மறைந்தன. அரசு அவசர உதவியாக மாதத்துக்கு அதிகபட்சம் 500 யூரோ அறிவித்தது. அதுவும் வங்கிக் கணக்கு ஏறத்தாழ வெறுமையாக இருக்கின்றது என்று காட்டியவருக்கே. மற்றவருக்குக் கடன் வாங்குமாறு கூறப்பட்டது. அன்று தற்காலிகமாக வட்டியற்றதாக இருந்த அரச வங்கியின் மாணவர் கடனுக்கு 2023 இறுதியில் ஆண்டு வட்டி 9 வீதத்தை எட்டியிருந்தது.

சட்டமோ புள்ளிவிபரமோ பிடிக்காத இன்னொரு வேலையும் உண்டு. ஜேர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை பத்து வயதிலிருந்தே வீட்டின் மொழிபெயர்ப்பாளர். வரித் திணைக்களத்தின் கடிதம், வீட்டு உரிமையாளரின் அறிவித்தல், தாயின் மருத்துவர் சந்திப்பு, தந்தையின் ஓய்வூதியப் படிவம், மாமாவின் குடியுரிமை விண்ணப்பம் என அனைத்தும் அந்தப் பிள்ளையின் மேசைக்கே வருகின்றன. பல்கலைக்கழகம் சென்றபின் அந்தச் சுமை கூடுகின்றதே தவிரக் குறைவதில்லை. "படித்த பிள்ளை" என்ற பெயர் வந்துவிட்டதல்லவா? சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் கற்பித்தல், கோவில் திருவிழாவில் தொண்டு, கலைவிழாவுக்கு ஒத்திகை ஆகியவையும் அதே இளையோரின் வார இறுதியிலிருந்தே எடுக்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை அன்பால் செய்யப்படுபவை. தமிழ்ச் சமூகம் உயிருடன் இருப்பதே இந்த ஊதியமற்ற மணிகளால்தான். ஆயினும் வாரத்தில் 168 மணிகளே உள்ளன. தேர்வு நெருங்கும் மாணவியிடம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு கேட்பவர், அவளிடமிருந்து எதை எடுக்கின்றார் என்று ஒரு கணமாவது எண்ண வேண்டும்.

பணமே இல்லாத சமூகமாக இருந்தால் இந்த வாதங்கள் அனைத்தும் வீண். அவ்வாறன்று. ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தை எழுப்பியது இதே அகதி மக்களின் உழைப்பு. சீட்டுக் கட்டிப் பல்லாயிரம் யூரோவை ஒரே நாளில் திரட்டும் பழக்கம் இன்றும் இருக்கின்றது. அந்தச் சீட்டுப் பணத்தில் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு நடக்கின்றது; உலங்குவானூர்தியில் பெண் வந்திறங்கும் விழாக்களைப் பற்றிய பேச்சும் புலம்பெயர் நாடுகளில் புதிதல்ல. அதே பெண் எட்டாண்டுகளின் பின்னர் இறுதிப் பருவத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்காக ஆறு மாதம் வேலையை விட வேண்டும் என்றால், அதற்கு ஒரு சீட்டு உண்டா? ஆறு மாத வாடகையும் உணவும் ஒரு மண்டபச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை விழா நடத்தியோர் நன்கறிவர்.

செய்யக்கூடியவை பெரிய திட்டங்களல்ல. நோர்ட்ரைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தில் மாணவர் நலப் பணியகங்கள் கூட்டாக நடத்தும் டாகா என்னும் கடன் நிதியம் உண்டு. தேவைப்படும் மாணவருக்கு, குறிப்பாகப் படிப்பை முடிக்கும் கட்டத்தில், அது கடன் தருகின்றது. அதற்குப் பிணையாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். நிலையான வருமானம் உள்ள பிணையாளரை உறவினரற்ற மாணவர் எங்கே தேடுவார்? சங்கங்களின் நிர்வாகிகளும் கடை உரிமையாளரும் ஆளுக்கொரு மாணவருக்குப் பிணை நின்றால், நன்கொடையாக ஒரு யூரோவும் கொடுக்காமலேயே பல படிப்புகளைக் காப்பாற்றலாம். மாணவரை வேலைக்கு வைத்திருக்கும் தமிழ் வணிகர் எழுத்தில் ஒப்பந்தமும் ஊதியச் சீட்டும் கொடுத்து, தேர்வு வாரங்களில் விடுப்பளிக்க வேண்டும். அதைச் செய்யாதவரின் விளம்பரத்தைச் சங்க மலர்கள் ஏற்கலாகாது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. வாடகைப் பங்கு உண்மையான வாடகையைப் பின்தொடர வேண்டும். பகுதிநேர மாணவருக்கும் உதவி வேண்டும். வெளிநாட்டு மாணவரிடம் கணக்கில் காட்டுமாறு கேட்கும் தொகையை அவர்களால் வாழ முடியாத நகரங்களில் வாழ்வதற்கான தொகை என்று சொல்லுவதை நிறுத்த வேண்டும். ஜேர்மனியக் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர் இன்று பல்லாயிரம் பேர். தேர்தல் காலத்தில் தமிழ்க் கூட்டங்களுக்கு வந்து மாலை சூடிச் செல்லும் வேட்பாளரிடம் இந்தக் கேள்விகள் கேட்கப்பட்டதாகக் கேள்விப்படுவது அரிது.

இறுதியாகப் பெற்றோரின் பங்கு. பாஃபோக் விண்ணப்பத்துக்குப் பெற்றோரின் வருமான விபரம் தேவை. அதனைக் கொடுக்கத் தயங்கும் வீடுகள் உண்டு. சிலருக்குக் கணக்கில் வராத ஊதியம் பற்றிய அச்சம், சிலருக்கு "அரசிடம் கையேந்துவதா?" என்ற மானம், சிலருக்குக் கடன் என்ற சொல்லே நடுக்கம். பாஃபோக்கில் பாதி திருப்பிக் கொடுக்கத் தேவையற்ற நன்கொடை. மறுபாதி வட்டியற்ற கடன். எவ்வளவு பெற்றிருந்தாலும் திருப்பிச் செலுத்த வேண்டிய உச்சத் தொகை 10,010 யூரோ. உலங்குவானூர்தி வாடகைக்குக் கடன்படத் தயங்காத வீட்டில் இதற்குத் தயக்கம் பொருந்தாது. விண்ணப்பம் கையளிக்கப்பட்ட மாதத்திலிருந்தே உதவி தொடங்கும். கடந்த மாதங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. குளிர்காலப் பருவம் ஒக்டோபரில் தொடங்குகின்றது. கையொப்பமிட்ட ஒரு எளிய கடிதமே விண்ணப்பமாக ஏற்கப்படும். வருமானச் சான்றுகளைப் பின்னர் இணைக்கலாம். தந்தையின் பத்திரங்கள் கிடைக்கட்டும் என்று டிசெம்பர் வரை காத்திருந்த மாணவர் ஒக்டோபர், நவம்பர் ஆகிய இரு மாத உதவியை இழக்கின்றார். உச்சத் தொகையில் அது 1984 யூரோ. 2025இன் ஆகக்குறைந்த ஊதியத்தில் ஏறத்தாழ 155 மணிநேர வேலை.